ஆடிட்டர் மேல் புகார் கொடுக்கலாமா?

கணக்குத் தணிக்கைத் தொழிலின் விதிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜி.எஸ்.டி. கட்டுவதற்காக நான்கு மாதம் பணம் அனுப்பினேன். எங்கள் ஆடிட்டர் அதைக் கட்டவே இல்லை. துறையிலிருந்து வட்டியோடு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. யாரிடம் புகார் செய்வது?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

பதில்: புகாருக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் பதிவாகியிருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். பல கடைகளுக்கு அங்கே ஆடிட்டரின் எண்தான் இருக்கிறது. ஓ.டி.பி. அவருக்குப் போகும், நோட்டீசும் அவருக்கே போகும், கடைக்காரருக்கு எதுவும் தெரியாது. இந்த இரண்டையும் மாற்ற அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை, தளத்தில் நீங்களே திருத்திக்கொள்ளலாம். அடுத்து வரியையும் வட்டியையும் கட்டிவிடுங்கள். ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடிட்டர் செய்த தவறு என்று சொன்னாலும் துறை உங்களிடம்தான் வசூலிக்கும்.

இனி புகார். அவர் உண்மையிலேயே சி.ஏ.தானா, அதாவது பட்டயக் கணக்காளர்தானா? நம் ஊர்களில் ‘ஆடிட்டர்’ என்று பலகை மாட்டியவர்கள் எல்லோரும் சி.ஏ. இல்லை. வரி ஆலோசகர், ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர், கணக்குப்பிள்ளை எல்லோரையுமே ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். சி.ஏ.வாக இருந்தால் ஆறு இலக்க உறுப்பினர் எண் இருக்கும், சி.ஏ.க்களின் சட்டப்பூர்வ அமைப்பான ஐ.சி.ஏ.ஐ.யின் (இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்) இணையதளத்தில் சரிபார்க்கலாம். உறுப்பினர் இல்லையென்றால் ஐ.சி.ஏ.ஐ.யின் ஒழுங்கு நடவடிக்கை அவரைத் தொடாது, காவல் நிலையமும் நீதிமன்றமும்தான் வழி. உறுப்பினர் இல்லாமலே தன்னை சி.ஏ. என்று சொல்லிக்கொண்டிருந்தால், 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் 24-ஆவது பிரிவின்படி அதுவே தனிக் குற்றம்.

சி.ஏ.தான் என்றால், அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, முதல் பகுதி, 10-ஆவது கூறு உங்களுக்குப் பொருந்தும். வாடிக்கையாளரின் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும், அல்லது கொடுத்த நோக்கத்துக்கு நியாயமான காலத்துக்குள் செலவழிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் அது தொழில் ஒழுங்கீனம். ஆனால் ஃபீஸாகக் கொடுத்த பணம் இந்தக் கூறில் வராது. இந்த வகைப் புகார் சறுக்குவது இங்கேதான். ஃபீஸையும் வரியையும் சேர்த்து ஒரே தொகையாக ஜி-பேயில் அனுப்பியிருந்தால், ‘அது என் பழைய ஃபீஸ் பாக்கி’ என்று அவர் சொல்லிவிடுவார். ஆகவே ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தாள்களைச் சேருங்கள்: பணம் போன வங்கிப் பதிவு, ‘இந்த மாத வரி இவ்வளவு, அனுப்புங்கள்’ என்று அவர் போட்ட வாட்ஸ்அப் செய்தி, அந்த மாதம் பணம் வரவில்லை என்று காட்டும், ஜி.எஸ்.டி. தளத்திலுள்ள மின்னணு ரொக்கப் பேரேட்டின் நகல்.

புகாரை முதலாம் எண் படிவத்தில், 2,500 ரூபாய் கட்டணத்துடன், ஐ.சி.ஏ.ஐ.யின் ஒழுங்கு இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். ‘நம்ப வைத்து ஏமாற்றிவிட்டார்’ என்று பத்தி பத்தியாக எழுதிப் பயனில்லை. ஒரு குற்றச்சாட்டு, அதற்குரிய கூறு, அதற்கான ஆதாரம், பிறகு அடுத்தது என்று எண் போட்டு எழுதுங்கள். நகல் ஆடிட்டருக்குப் போகும், எழுத்துமூலம் பதில் தர அவருக்கு 21 நாள். அவர் அவகாசம் கேட்டால் நீளலாம். அதற்கு மறுப்பு எழுத உங்களுக்கும் வாய்ப்பு வரும். அதன் பிறகு, புகாரில் முகாந்திரம் இருக்கிறதா என்ற முதல்நோக்குக் கருத்தை இயக்குநர் எழுதுவார். முதல் அட்டவணைத் தவறு மட்டும் என்றால் ஒழுங்கு வாரியம் விசாரிக்கும், இரண்டாம் அட்டவணை என்றால் ஒழுங்குக் குழு. ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய விஷயமாக இருந்து, ஆதாரம் திரட்டுவது கடினம் என்று பட்டால், இயக்குநர் ஏற்க மறுக்கலாம்.

இரண்டு விஷயங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஐ.சி.ஏ.ஐ. உங்கள் பணத்தை வாங்கித் தராது. கண்டிப்பது, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது, அபராதம் விதிப்பது, இவைதான் அதன் கையில் இருப்பவை. அபராதமும் உங்களுக்கு வராது. பணத்துக்கு வக்கீல் நோட்டீஸ், சிவில் வழக்கு, நம்பிக்கை மோசடி என்று போலீஸ் புகார் ஆகியவற்றைத் தனியாகச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தலாம். அடுத்தது, அவர் பணத்தைத் திருப்பித் தந்து சமாதானமானாலும் புகாரை நீங்களாக வாபஸ் வாங்க முடியாது, வாரியமோ குழுவோ அனுமதிக்க வேண்டும். பயமுறுத்திப் பணம் வாங்குவதற்கு மட்டும் புகாரைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சரியான ஏற்பாடுதான்.

சரியில்லாத ஏற்பாடு ஒன்றும் உண்டு. தண்டனை பெற்ற ஆடிட்டர் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். புகார் தள்ளுபடியானால் புகார்தாரருக்கு அந்த உரிமை இல்லை. ஐ.சி.ஏ.ஐ.யின் நிர்வாக மன்றம் அனுமதித்தால் ஒழுங்கு இயக்குநர் போகலாம், அவ்வளவுதான். உங்களுக்கு மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. ஒழுங்குக் குழுவில் ஐவரில் மூவர் சி.ஏ.க்களாக இருந்த அமைப்பை மாற்றி, தலைவரையும் பெரும்பான்மையையும் வெளியாட்களாக்க 2022-இல் திருத்தச் சட்டம் வந்தது. அதன் பிரிவுகள் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. புகார் தரும்போது எது நடைமுறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புகார்தாரரின் மேல்முறையீட்டு உரிமையையும் அப்போதே சேர்த்திருக்கலாம்.

கேள்வி: ஆடிட்டரை மாற்ற நினைக்கிறோம். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பழையவர் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) தர மறுக்கிறார். அது இல்லாமல் புதியவர் வர மாட்டேன் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?
– பிரைவேட் லிமிடெட் இயக்குநர், ஓசூர்

பதில்: ‘என்.ஓ.சி.’ என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது. பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணை 8-ஆவது கூறு கேட்பது ஒன்றுதான்: புதிய ஆடிட்டர் பொறுப்பேற்கும் முன் பழையவருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததற்குச் சான்று வேண்டும் என்பதால் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புவது வழக்கம். பழையவர் நியாயமான காலத்துக்குள் பதில் தராமல் இருந்தால் அது தடை ஆகாது. பதில் தந்து ஆட்சேபம் சொன்னால் அதைப் புதியவர் எடைபோட வேண்டும். ‘கணக்கில் இந்த விஷயத்தைச் சுட்டிக்காட்டியதால் என்னை மாற்றுகிறார்கள்’ என்று பழையவர் எழுதினால் புதியவர் யோசிக்கத்தான் வேண்டும். இந்த விதி இருப்பதே அதற்காக. இல்லையென்றால் உண்மை சொல்லும் ஆடிட்டரை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார்.

ஃபீஸ் விஷயம் வேறு. 2008-ஆம் ஆண்டின் ஐ.சி.ஏ.ஐ. பொது வழிகாட்டு நெறிகளின்படி, பழையவருக்கு ‘தகராறில்லாத தணிக்கைக் கட்டணம்’ பாக்கி இருக்கும்போது புதியவர் நியமனத்தை ஏற்கக் கூடாது. நலிவுற்ற நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. தகராறில்லாத கட்டணம் என்றால், நிர்வாகமும் ஆடிட்டரும் கையெழுத்திட்ட கணக்கிலேயே ‘தர வேண்டிய தணிக்கைக் கட்டணம்’ என்று காட்டப்பட்ட தொகை. வங்கிக் கடனுக்காகப் போட்ட புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கோ ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கோ அவர் கேட்கும் பில் இதில் சேராது. எனவே போன ஆண்டு பேலன்ஸ் ஷீட்டில் தணிக்கைக் கட்டணம் பாக்கி என்று என்ன இருக்கிறதோ அதை வங்கி வழியாகக் கட்டி, ரசீதைப் புதியவரிடம் கொடுங்கள். மற்ற பில்லைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியும் முன் மாற்றுகிறீர்கள் என்றால் வழி நீளமானது. கம்பெனிச் சட்டம் 140-ஆவது பிரிவின்படி, இயக்குநர் குழு தீர்மானம் போட்ட 30 நாளுக்குள் ஏ.டி.டி.-2 படிவத்தில் மத்திய அரசின் ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் வந்தபின் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். அவரே ராஜினாமா செய்தால் சுலபம். 30 நாளுக்குள் அவர் ஏ.டி.டி.-3 தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் 30 நாளுக்குள் புதியவரை நியமித்து, மூன்று மாதத்துக்குள் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் பெற வேண்டும். ராஜினாமாக் கடிதத்தின் தேதிக்கு முந்தைய தேதியில் புதியவரை நியமித்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. தேதி வரிசையைக் கவனியுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த என் மகள் சி.ஏ. படிக்க ஆசைப்படுகிறாள். தமிழில் தேர்வு எழுத முடியுமா?
– விருதுநகர்

பதில்: முடியாது. ஆங்கிலம் அல்லது இந்தி, இந்த இரண்டில்தான் விடை எழுதலாம். இந்தி தெரிந்த பிள்ளை தாய்மொழியில் எழுதும்போது தமிழ், தெலுங்கு, வங்காளப் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பது வெளிப்படையான பாகுபாடு. ஆனாலும் உங்கள் மகள் அதற்காகத் தயங்க வேண்டாம்.

சி.ஏ.வின் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வில் நான்கு தாள். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். மூன்றாம், நான்காம் தாள்கள் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். தமிழ் வழிப் பிள்ளைகளைக் கணக்கியல் தாள் அவ்வளவாகத் தடுக்காது, பற்றும் வரவும் எந்த மொழியிலும் ஒன்றுதான். இடறுவது இரண்டாம் தாளான வணிகச் சட்டம். அங்கே சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் நடந்தது என்ன, ஆகவே முடிவு என்ன என்று மூன்று பத்தியாக எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவந்துவிட்டால், நூறு நூற்றைம்பது சட்டச் சொற்களை வைத்தே சமாளிக்கலாம். அலங்கார ஆங்கிலம் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு வழியும் உண்டு, நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். பி.காம். 55 சதவீதத்துடன் முடித்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேரே இரண்டாம் படியான இன்டர்மீடியட்டில் சேரலாம் (மற்றப் பட்டங்களுக்கு 60). ஆங்கிலம் பழக மூன்று வருடம் கிடைக்கும், சி.ஏ. கைகூடாவிட்டாலும் ஒரு பட்டம் கையில் இருக்கும். ஐ.சி.ஏ.ஐ.யின் பாடநூல்களும் மாதிரி வினாத்தாள்களும் இணையத்தில் இலவசம். கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன் அவற்றை ஒரு மாதம் படித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: வலது கையில் நரம்புப் பாதிப்பு. வேகமாக எழுத முடியாது. ஊனச் சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். சி.ஏ. தேர்வில் பதிலி எழுத்தர் கிடைக்குமா?
– மாணவர், திருச்சி

பதில்: 40 சதவீதத்துக்குக் குறைவு என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. அதை ஒட்டி மத்திய அரசு 2022 ஆகஸ்டில் தனி நெறிமுறை வெளியிட்டது. உங்களுக்குத் தேவை சதவீதக் கணக்கு அல்ல, ‘எழுதுவதில் சிரமம் இருக்கிறது’ என்று அரசு மருத்துவமனை தரும் சான்று. கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். தேர்வு விண்ணப்பத்தோடு சேர்த்தே கேளுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்பதுதான் பெரும்பாலும் சிக்கலாகிறது. நீங்களே எழுத்தரைக் கூட்டிவருவதாக இருந்தால், அதற்கு அனுமதி உண்டா, அவர் கல்வித் தகுதிக்கு என்ன வரம்பு என்று விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ.வுக்கான அலுவலகப் பயிற்சி) செய்கிறேன். ஸ்டைபண்டை (பயிற்சி உதவித்தொகையை) வங்கியில் போட்டுவிட்டு, பாதியைப் பணமாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு முன்னால் கிளம்ப முடிவதில்லை. அலுவலகத்தில் ஒருவர் தவறாகவும் பேசுகிறார். கேட்டால் பயிற்சிச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டார்களோ என்று பயம்.
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: மூன்றும் தனித்தனி. ஒன்றாகக் கலந்து எழுதாதீர்கள்.

ஸ்டைபண்டு முதலில். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தபட்சத் தொகை விதிமுறையிலேயே இருக்கிறது. அதை ‘அக்கவுண்ட் பேயீ’ காசோலையாகவோ உங்கள் வங்கிக் கணக்கிலோதான் தர வேண்டும். பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ள முன்பணமோ கடனோ டெபாசிட்டோ வாங்கக் கூடாது என்பதும் விதி. திருப்பி வாங்குவது இந்த இரண்டையும் கொல்லைப்புறமாக மீறுவது. உங்களிடம் இருக்கக்கூடிய ஒரே சான்று, ஒவ்வொரு மாதமும் ஸ்டைபண்டு வந்த அன்றோ மறுநாளோ அதில் பாதி ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்ட பதிவு. இனி ஜி-பேயில் மட்டும் திருப்பித் தருவேன் என்று சொல்லிப் பாருங்கள், பல இடங்களில் கேட்பதே நின்றுவிடும்.

வேலை நேரத்துக்கு ஐ.சி.ஏ.ஐ. வைத்திருக்கும் கணக்கு வாரத்துக்கு 35 மணி நேரம். வந்த நேரம், போன நேரம், அன்று பார்த்த வேலை மூன்றையும் ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். பின்னால் பயிற்சியை வேறு அலுவலகத்துக்கு மாற்றக் கேட்கும்போது அது கைகொடுக்கும்.

தவறான பேச்சுக்கு ஐ.சி.ஏ.ஐ. வரை போகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பயிற்சி பெறுபவரையும் ஊழியராகவே கருதுகிறது. ‘ஆர்ட்டிகிள் என்பவர் ஊழியர் இல்லை’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் உள்குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய அலுவலகமென்றால், தணிக்கை அலுவலகங்களில் பல இப்படித்தான், மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். ஆட்சியர் அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். புகார் கொடுத்தவரே விசாரணை முடியும்வரை இடமாற்றமோ விடுப்போ கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: சிறு ஊரில் தனியாளாகத் தொழில் செய்யும் சி.ஏ. நான். பன்னாட்டுப் பெயர்களோடு இயங்கும் பெரிய நிறுவனங்களுக்கும் எனக்கும் ஒரே விதி என்பது நியாயமா?
– கும்பகோணம்

பதில்: முழுக்க ஒரே விதி இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகள், வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், 500 கோடி மூலதனமோ 1,000 கோடி விற்பனையோ 500 கோடிக் கடனோ எட்டிய பட்டியலாகாத பப்ளிக் லிமிடெட் கம்பெனிகள் ஆகியவற்றின் ஆடிட்டர்களை 2018 அக்டோபரில் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம் கவனிக்கிறது. சத்யம் மோசடி 2009-இல் வெளிவந்ததன் நெடுநாள் விளைவு அது. அங்கே அபராதம் வாங்கிய ஃபீஸோடு கட்டப்பட்டிருக்கிறது. தனிநபருக்கு ஒரு லட்சத்திலிருந்து ஃபீஸின் ஐந்து மடங்கு வரை, நிறுவனத்துக்கு ஐந்து லட்சத்திலிருந்து பத்து மடங்கு வரை. ஆறு மாதம் முதல் பத்து ஆண்டு வரை தணிக்கைக்குத் தடையும் வரலாம். பெரியவருக்குப் பெரிய அடி என்ற தத்துவம் சரியானதே.

உங்கள் குறை உண்மையாக இருப்பது வேறிடத்தில். கணக்கியல் தரங்களில் சிறு நிறுவனத்துக்குச் சலுகை உண்டு. விற்பனை 250 கோடிக்கும் கடன் 50 கோடிக்கும் மேற்படாத பட்டியலாகாத கம்பெனி கணக்கில் பல விவரங்களை வெளியிடாமல் தவிர்க்கலாம். தணிக்கைத் தரங்களில் அப்படி எதுவும் இல்லை. 12 லட்ச ரூபாய் விற்பனையுள்ள பிரைவேட் லிமிடெட்டுக்கும் அதே தணிக்கைத் தரங்கள்தான். எல்.எல்.பி.க்கு (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனத்துக்கு) 40 லட்ச விற்பனை அல்லது 25 லட்ச மூலதனம் வரை தணிக்கையே வேண்டாம் என்றால், அதே அளவுள்ள கம்பெனிக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை. சிறு கம்பெனிகளுக்குக் கட்டாயத் தணிக்கை தேவையா என்று ஆணையமே 2021-இல் கருத்துக் கேட்டது, தொழிலுக்குள் பெரும் எதிர்ப்பு. ஃபீஸ் போய்விடுமே என்ற பயம் அதில் பாதி என்பதை மறைப்பதில் பயனில்லை. தணிக்கையை ஒழிப்பதைவிட, சிக்கலற்ற நிறுவனங்களுக்கென்று சர்வதேசத் தணிக்கைத் தரக் குழு 2023 டிசம்பரில் வெளியிட்டதைப் போல ஒரு சுருக்கமான தரம் இங்கும் வருவது நல்லது என்பது எங்கள் கட்சி.

அதுவரை கோப்பைச் சரியாக வையுங்கள். தனியாள் ஆடிட்டர்கள் ஒழுங்குக் குழுவில் தோற்பது பெரும்பாலும் வேலை செய்யாததால் அல்ல, செய்ததற்குத் தாள் இல்லாததால். நியமன ஒப்பந்தக் கடிதம், வங்கி இருப்பு உறுதிச் சான்று, சரக்கு எண்ணியபோது நீங்கள் எழுதிய குறிப்பு, நிர்வாகத்தின் உறுதிமொழிக் கடிதம், இந்த நான்கும் இல்லாத கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள். அறிக்கை தந்த 60 நாளுக்குள் கோப்பை மூடி, ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

கேள்வி: இந்தியாவின் முதல் பெண் சி.ஏ. தமிழ்ப் பெண் என்கிறார்களே, உண்மையா?
– ஆசிரியை, காரைக்குடி

பதில்: உண்மை. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம். சட்ட மறுப்பு இயக்கத்தில் கைதாகி ஓராண்டு சிறையில் இருந்தவர். 1933-இல் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். ஆனால் சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று அன்றைய விதி தடுத்தது. வழக்காடி வென்று தொழிலுக்கு வந்தார். ஐம்பதுகளில் ஐ.சி.ஏ.ஐ.யின் தென்னிந்தியப் பிராந்தியக் குழுவுக்கு மூன்றாண்டு தலைவராகவும் இருந்தார்.

கேள்வி: வங்கிக் கடனுக்காக ஆடிட்டர் தந்த நிகர மதிப்புச் சான்றிதழ் போலி என்று மேலாளர் திருப்பிவிட்டார். முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: கையெழுத்துக்கும் முத்திரைக்கும் கீழே 18 இடமுள்ள யு.டி.ஐ.என். (ஆவணத்துக்கான தனி அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். 2019 பிப்ரவரி முதல் சி.ஏ. தரும் எல்லாச் சான்றிதழ்களுக்கும் அது கட்டாயம். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த ஆறு அவருடைய உறுப்பினர் எண், மீதி பத்தும் கலவையான எழுத்தும் எண்ணும். ஐ.சி.ஏ.ஐ.யின் யு.டி.ஐ.என். தளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். எண் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். வேறொரு சான்றிதழின் எண்ணை எடுத்து ஒட்டியிருப்பார்கள். தளம் காட்டும் ஆவண வகை, தேதி, தொகை மூன்றும் உங்கள் தாளில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அந்தத் தாளை வங்கியில் கொடுக்காமல், அந்த உறுப்பினர் எண்ணுக்குரிய ஆடிட்டரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். பல சமயம் அவருக்கே தெரியாமல்தான் அவர் பெயர் ஓடிக்கொண்டிருக்கும்.